புறாமலைக்கு போறாக்கள் விடுற பிழைகள்

கொழும்பில இருந்து எங்கட சொந்தக்காரர் திருகோணமலைக்கு வந்தா கோணேசர் கோயில், கன்னியா, அடுத்தது நிலாவெளிக்கு முன்னால கடலுக்குள்ள இருக்கிற புறாமலைத் தீவு எண்டுதான் பிளான் போடுவாங்க, ஆனா வாறது டிசம்பர்ல, வந்து நிலாவெளி கரையில நிண்டுகொண்டு "என்ன, போட் ஒண்டையும் காணேல்ல" எண்டு கேப்பாங்க. வாடைக் காலத்தில எங்கட கடல் ஆரையும் கிட்ட விடாது. மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் வாங்க, அதிலயும் விடியவே வெளிக்கிடுங்க, வெயில் ஏறினா சனம் கூடிடும்.

கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் தூரம்தானே எண்டு போட்காரரோட மட்டும் விலை பேசுறதும் பிழை. 2003ல தேசிய பூங்கா ஆக்கின இடம், வனஜீவராசிகள் திணைக்கள டிக்கெட் வேற, போட் காசு வேற, முதலே ரெண்டையும் கேட்டு வைங்க. தீவில ஆள் இல்ல, கடை இல்ல. தண்ணி கொண்டு போங்க, வெறும் போத்தலை திருப்பிக் கொண்டு வாங்க.

எல்லாத்திலயும் பெரிய பிழை முருகைக்கல்லில, அதுதான் பவளப்பாறையில, கால் வைக்கிறது. போன வருசம் என்ட மச்சான் தண்ணிக்குள்ள பாக்கிற மாஸ்க்குக்குள்ள தண்ணி போனதும் பயந்து டக்கெண்டு எழும்பி நிண்டுட்டான், இடுப்பளவு தண்ணிதான், காலுக்குக் கீழ மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட கல்லு, மொறுக்கெண்டு உடைஞ்சது எனக்கு தண்ணிக்குள்ளயே கேட்டது. அவனுக்கு உள்ளங்காலில வெட்டு, ரெண்டு கிழமையா ஆறேல்ல. கல்லு எண்டு பேர்தான், அது உயிர், உருண்டையா இருக்கிற வகை வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். 1998ல கடல் சூடாகி தெற்கில ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கல்லு வெளுத்துச் செத்தப்ப எங்கட பக்கம் பெரிசா அடிபடேல்ல, இப்ப நாங்களே மிதிச்சு உடைக்கிறம். மாஸ்க்குக்குள்ள தண்ணி போனா எழும்பி நிக்காம மல்லாந்து மிதந்துகொண்டு அதைக் கழட்டி ஊத்துங்க. லைஃப் ஜாக்கெட்டோட பாக்கிறதில வெக்கமே இல்ல.

சுறாவைக் கண்டு கத்தாதீங்க. செட்டை நுனி கறுப்பா இருக்கிற சின்னச் சுறாதான், உங்களைக் கண்டா அதுதான் முதல் ஓடும். மீனுக்கு பாண் போடவும் வேண்டாம். பாறையில ஏறி கூவவும் வேண்டாம், தீவுக்கு பேர் குடுத்த மாடப்புறா அங்கதான் முட்டை போடுது.

ஒரு பக்கக் கரை முழுக்க செத்த முருகைக்கல்லுத் துண்டுதான், செருப்பில்லாட்டி நடக்க ஏலாது. அதில ஒண்டைப் பொக்கெட்டில போடுறதும் சட்டப்படி குற்றம். மச்சான் எடுத்ததை போட்டில ஏற முதல் நான் பறிச்சு எறிஞ்சிட்டன், கொழும்புக்கு பஸ் ஏறும் மட்டும் அவன் என்னோட கதைக்கேல்ல.