இறால் தொட்டிக்குக் குட்டையான செடி: ஓடையில் எடுப்பவர்களும் கடையில் வாங்குபவர்களும் செய்யும் தவறுகள்

போன மாதம், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், எங்கள் தெருத் தம்பி ஒருவன் பிளாஸ்டிக் கவரில் ஒரு கைப்பிடி பாசியோடு வந்தான். "அண்ணா, தேயிலை எஸ்டேட்டுக்குக் கீழ ஓடையில எடுத்தேன். ஒரு பூச்சிகூட இல்ல, அவ்வளவு சுத்தம்" என்றான். பூச்சி இல்லை என்று அவன் சொன்னதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

நானும் ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கோத்தகிரியில் இதே சந்தோஷத்தோடு ஓடைப் பாசி கொண்டு வந்தவன். செர்ரி இறால், அதாவது கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் சின்னச் சிவப்பு இறால், வளர்க்க ஆரம்பிப்பவர்கள் ஒவ்வொருவராக அதே குழியில் விழுகிறார்கள். விளக்கை எத்தனை மணி நேரம் எரியவிடுவது, செடியை எவ்வளவு ஆழம் நடுவது என்பதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மலைத் தண்ணீர் சுத்தம் என்று நம்புவது

என்னிடம் இருந்தது 25 லிட்டர் தொட்டி. பத்து இறாலில் ஆரம்பித்து, ஒரு வருடத்தில் அறுபது பக்கம் வந்திருந்தது. ஓடைப் பாசியைக் குழாயடியில் மூன்று தண்ணீரில் அலசி, கல்லில் கட்டி உள்ளே வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் இறால்கள் மேய்வதை விட்டுவிட்டுக் கண்ணாடியில் முட்டி முட்டி மேலும் கீழும் நீந்தின. புதுப் பாசி வந்த குஷி என்று நினைத்துத் தூங்கப் போய்விட்டேன். விடிந்து பார்த்தால் எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. பாதித் தண்ணீரை மாற்றியும் பலனில்லை. நான்குதான் மிஞ்சின.

மழைக்காலத்தில் தேயிலையில் கொப்புள நோய் வரும். அதற்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். தேயிலைக் கொசுவுக்கு அடிக்கும் பூச்சி மருந்து தனி. கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் மருந்து இல்லாமல் வேலை நடக்காது. விவசாயிகளைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் மழை அத்தனையையும் கழுவி ஓடைக்குத்தான் கொண்டு வருகிறது. பாசி உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி, எத்தனை முறை அலசினாலும் அது போகாது. இறாலின் ரத்தத்திலேயே செம்பு உண்டு. அப்படியிருந்தும் தண்ணீரில் செம்பு கொஞ்சம் கூடினால் இறாலுக்கு அதுவே நஞ்சு. பூச்சி மருந்தோ பூச்சியைக் கொல்லவே செய்தது. இறாலும் பூச்சியைப் போலக் கணுக்காலிதான். மீன் தாங்கிக்கொள்ளும் அளவு இறாலைக் கொன்றுவிடும்.

நல்ல ஓடைப் பாசியை வெள்ளைத் தட்டில் பிழிந்தால் நூல் மாதிரி புழு, ஏதாவது பூச்சிக் குஞ்சு நெளியும். எதுவுமே நெளியவில்லை என்றால் ஏன் என்று யோசிக்க வேண்டும். சோலைக் காட்டு ஓடையில் எடுக்கலாமே என்று கேட்பார்கள். காப்புக்காட்டில் கை வைக்கக் கூடாது, அந்தப் பேச்சே வேண்டாம்.

கடைச் செடியும் இதே கதைதான். பண்ணையில் நத்தைக்கும் பூச்சிக்கும் மருந்தில் முக்கி எடுத்த செடியா என்று பார்வையில் தெரியாது. சில மருந்துகள் இலைக்குள்ளேயே ஊறி நிற்கும். படிகாரத் தண்ணீரில் முக்கினால் நத்தை சாகும், மருந்து போகாது. "நத்தை உயிரோடதானே இருக்கு" என்று சமாதானம் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நத்தைக்கு ஒன்றும் செய்யாத பூச்சி மருந்து இறாலை ஒரே ராத்திரியில் முடித்துவிடும்.

அதனால் கடைச் செடியை ஜன்னலோரம் ஒரு வாளியில் நான்கு வாரம் வையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். கடைசி வாரம் அதில் நாலைந்து கொசுப்புழுக்களை விட்டு, மேலே வலை கட்டிவிடுங்கள். அவை செத்தால் செடி இன்னும் வாளியிலேயே இருக்கட்டும். அவசரம் என்றால், ஆய்வகத்தில் வளர்த்து டப்பாவில் ஜெல்லோடு வரும் டிஷ்யூ கல்ச்சர் செடியை வாங்கி ஜெல்லைக் கழுவிவிட்டு நடலாம். எல்லாவற்றையும்விட நல்லது, இறால் உயிரோடு மேயும் இன்னொருவர் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கேட்டு வாங்குவது.

படத்தைப் பார்த்து 'க்யூபா' வாங்குவது

க்யூபா என்பது தரையோடு படரும் பொடி இலைச் செடி. சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டரும் நல்ல வெளிச்சமும் இல்லாதவர்களுக்கு அது வேண்டாம். இலை கரைந்து அழுகி, இறாலுக்கு நஞ்சான அம்மோனியா தண்ணீரில் ஏறும்.

பச்சைத் தரைதான் வேண்டும் என்பவர்கள் மார்சிலியா வாங்கலாம். நம் ஆரைக்கீரையின் இனம்தான். தண்ணீருக்குள் போனதும் நாலிலை போய் ஒற்றை இலையாக முளைக்கும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். வயல் ஆரைக்கீரையையே கொண்டு வந்து நட்டால் காம்பு மேல்மட்டம் வரை நீண்டுவிடும். வயலிலும் மருந்து உண்டு. இலங்கையில் வளரும் கிரிப்டோகோரைன் பார்வாவும் எனக்குப் பிடிக்கும். நட்டு ஆறு மாதம் அப்படியே நிற்கும், ஆனால் வெட்டிவிடும் வேலை கிடையாது.

நிலச்செடியை நீர்ச்செடி என்று வாங்குவது

மாண்டோ புல், ஃபிட்டோனியா, லக்கி பாம்பூ. மூன்றும் தண்ணீருக்குள் அழுகும்.

தேயிலைத் தோட்டத்து மண்ணைக் கொட்டுவது

வேண்டாம். கழுவிய மணல் போதும்.

இடம் விடாமல் நடுவது

அடர்ந்த தரைச்செடிக்குள் விழுந்த தீனியை இறால் எடுப்பதற்குள் அது அழுகிவிடும். முன்பக்கம் ஒரு உள்ளங்கை அளவு வெறும் மணலாக விடுங்கள், தீனியை அங்கேயே போடுங்கள். குஞ்சுகள் பிறக்கும்போது இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அவற்றுக்குப் புல்தரையைவிட ஜாவா மாஸ் என்ற பாசிதான் வீடு. ஒளியவும் அதுதான், மேயவும் அதுதான்.

குளிரில் அவசரப்படுவது

தம்பியின் பாசியைக் குப்பையில் போடச் சொன்னேன், மனசில்லாமல்தான் போட்டான். என் தொட்டியிலிருந்து ஜாவா மாஸ் கொடுத்து அனுப்பினேன். இப்போது மார்கழி. அவன் தொட்டித் தண்ணீர் காலையில் 15 டிகிரி காட்டுகிறது. "பாசி நகரவே மாட்டேங்குது அண்ணா, உரம் ஊத்தவா?" என்று தினமும் கேட்கிறான். செடி தின்னாத உரம் கண்ணாடியில் பச்சையாகப் படியும். ஒரு ஹீட்டர் வாங்கி 22-ல் வை, இல்லையென்றால் மார்ச் வரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். ஹீட்டர் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.