டவுன் பஸ் நேரத்தை மாற்ற மனு எழுதுவது எப்படி?

எங்கள் ஊர் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடம் 4.15-க்கு விடும். டவுன் பஸ் முன்பு 4.10-க்கே பள்ளி நிறுத்தத்தைத் தாண்டிவிடும். அடுத்தது ஆறே முக்காலுக்கு. இப்போது அதே பஸ் 4.30-க்கு வருகிறது. சுற்றுவட்டாரத்தில் பலர் வழி கேட்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. புது பஸ் கேட்காதீர்கள். புது பஸ் என்றால் வண்டி வேண்டும், ஓட்டுநர் வேண்டும், நடத்துனர் வேண்டும். கோப்பு மேலே போய் அங்கேயே தூங்கிவிடும். ஓடுகிற பஸ்ஸின் நேரத்தை நகர்த்தக் கேளுங்கள். அதற்குக் கூடுதல் டீசல் தேவையில்லை, ஆளும் தேவையில்லை.

1. நோட்டுப் போடுங்கள்

செல்போன் செயலி, எக்செல் எல்லாம் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மளிகைக் கடையில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கணக்கு எழுத ஆரம்பித்தால், மூன்றாம் நாளே காலை வணக்கப் படங்களுக்குள் அது காணாமல் போகும். ஒரு வரி இப்படி இருக்கட்டும்:

தேதி | தட எண் | வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் | வந்த நேரம் | ஏறியவர்கள் | ஏற முடியாமல் நின்றவர்கள்

பஸ் வராத நாளையும் "வரவில்லை" என்று எழுத வேண்டும். அந்த வரிகள்தான் பின்னால் பேசும்.

2. அந்த வண்டி அடுத்து எங்கே போகிறது?

பெரும்பாலான மனுக்கள் இங்கேதான் சாகின்றன. எங்கள் மனுவும் முதலில், "பரிசீலிக்க இயலாது" என்ற ஒற்றை வரியோடு திரும்பியது. காரணத்தை அலுவலகம் சொல்லவில்லை, நடத்துனர்தான் சொன்னார். ஒரு வண்டி நாள் முழுக்க நடை மேல் நடையாக ஓடுகிறது. எங்கள் ஊருக்கு வந்து திரும்பும் அதே வண்டி, 5.05-க்கு வேறொரு ஊருக்குக் கிளம்ப வேண்டும். எங்களுக்கு இருபது நிமிடம் தள்ளினால் அந்த ஊருக்கும் இருபது நிமிடம் தள்ளும். அவர்கள் எதிர்த்தால் கதை முடிந்தது.

ஆகவே அந்த ஊருக்கே போனோம். 5.05 பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் பெண்கள். காய்ந்த தேங்காய்ப் பருப்பைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "அஞ்சு மணிக்குக் கைகால் கழுவக்கூட நேரமில்லாமல் ஓடுகிறோம். தள்ளி வந்தால் எங்களுக்கும் நல்லதுதானுங்க தம்பி" என்றார். அவர்களுடைய கையெழுத்தையும் சேர்த்து வாங்கினோம். இரண்டு ஊர் மனுவானதும் பேச்சே மாறியது.

ஆகவே ஓட்டுநரையும் நடத்துனரையும் கேட்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அவர்களோடு சண்டை போட்டு வைத்திருந்தால் முதலில் சமாதானமாகுங்கள். அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

3. கிராம சபை

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் அடுத்து வரும் நாளில் தீர்மானம் போடச் சொல்லி, நகலைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

4. மனு

ஒரே பக்கம். ஊர் வரலாறு, "ஏழை எளிய மக்கள்" எதுவும் வேண்டாம். கோரிக்கை ஒரே வாக்கியம்: "இத்தடத்தில் மாலை 4.10 நடையை 4.30-க்கும், அதே வண்டியின் 5.05 நடையை 5.25-க்கும் மாற்றித் தருமாறு இரு ஊர் மக்களும் கேட்டுக்கொள்கிறோம்." நோட்டின் நகல், தீர்மான நகல், பள்ளி விடும் நேரம் குறித்துத் தலைமையாசிரியர் தந்த கடிதம் ஆகியவை இணைப்பு.

அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் நேரில் கொடுங்கள். மண்டலப் பொது மேலாளருக்கு அஞ்சலில் ஒன்று அனுப்புங்கள். பதிவு அஞ்சல் 2025-ல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டதால், ஒப்புகை வேண்டும் என்று அஞ்சலகத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு நகல். அங்கே தரும் மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கு அழைப்பதும் நல்லதுதான்; ஆனால் அட்டவணையைத் தொலைபேசியில் விளக்கி மாளாது.

5. பதில் வராவிட்டால்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் பஸ் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை; கைவசம் உள்ள ஆவணத்தைத் தரத்தான் கட்டாயம். இத்தடத்தின் நடை அட்டவணை நகல், கடந்த ஆறு மாதத்தில் இயக்கப்படாத நடைகளின் பட்டியல் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும்.

இன்னொன்று. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. "காசே இல்லை, சீட்டு எதற்கு?" என்று பலர் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். வாங்காத சீட்டு கணக்கில் ஏறாது. நாற்பது பெண்கள் ஏறிய பஸ் ஏட்டில் காலியாக ஓடியிருக்கும். அக்காமார்களே, கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: கரூர்க்காரர் ஒருவர், மனு கோவையிலிருந்து திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தார். கொங்கு நாடு ஒன்றுதான், ஆனால் போக்குவரத்துக் கழகக் கோட்டம் ஒன்றில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி கோவைக் கோட்டத்தில் வரும். நாமக்கல் சேலம் கோட்டம். கரூர் கும்பகோணம் கோட்டம்.

இன்னொரு பின்சேர்க்கை: தனியார் டவுன் பஸ் என்றால் கிளை மேலாளரிடம் போய்ப் பயனில்லை. அந்த வண்டியின் நேரம் பர்மிட்டோடு சேர்ந்தது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்தான் முறையிட வேண்டும். நோட்டில் வண்டியின் முழுப் பதிவு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே கடைசி நான்கு இலக்கம் போதாது.