ஓடைக்கரைப் பண்ணை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பெருநகரத்துக்கு அருகில், வார இறுதி ஓய்வுக்கு ஏற்ற ஓடைக்கரைப் பண்ணை விற்பனைக்கு வந்தால், வறண்ட காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பலத்த மழை ஓய்ந்த மறுநாள் கட்டாயம் போய்ப் பாருங்கள். கரையோர மரக்கிளைகளில் சிக்கிக் காய்ந்த சருகும், அடிமரத்தில் படிந்த சேற்றுக் கோடும், வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை விற்பவரைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும். வெள்ள வரைபடத்தில் அந்த இடம் ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதை அற்பமாக எண்ண வேண்டாம். 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் வெள்ளம் புகும் வாய்ப்பு ஏறத்தாழ 26 சதவீதமாகிறது.

ஓடை வளையுமிடத்தில் நீர் வெளிப்புறக் கரையையே அரிக்கும். அங்கே மண் சரிந்து வேர்கள் அந்தரத்தில் தொங்கினால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், வீட்டை மேட்டு நிலத்துக்குத் தள்ளியே திட்டமிடுங்கள். ஓடையே எல்லை என்று பத்திரம் கூறினால், நில அளவரை வைத்து அளந்த பிறகே கையெழுத்திடுங்கள், ஏனெனில் ஓடை தன் போக்கை மாற்றிக்கொள்ளக்கூடியது.

பண்ணைக்குச் செல்லும் பாதை அடுத்தவர் நிலத்தின் வழியே வந்தால் வாய்மொழி அனுமதி போதாது. பதிவு செய்யப்பட்ட வழியுரிமை வேண்டும். கிணற்று நீரில் உரத்திலிருந்து கசியக்கூடிய நைட்ரேட்டும், கழிவு கலந்திருக்கலாம் எனக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவும் உள்ளனவா என ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.