அழுத்தம் மிகுந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினைக் கிக் செய்து கிளப்பும் முறை

யமஹா எஸ்.ஆர். 500 போன்ற ஒரு பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினில், சிலிண்டருக்குள் வந்த காற்றும் பெட்ரோலும் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகின்றன. அந்த நெருக்கத்தை உடல் எடையைக் கொண்டு வெல்லப் பார்ப்பவர் எவ்வளவு வலுவானவராக இருந்தாலும் விரைவில் களைத்துப்போவார். மெலிந்த உடல்வாகு கொண்ட ஒருவர் அதே வண்டியை ஒரே மிதியில் கிளப்புவது, கிக்கரை மிதிக்கத் தொடங்கும்போது பிஸ்டன் எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருப்பதால்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் அழுத்தம் வரும். பிஸ்டன் அந்த அழுத்தத்தின் உச்சியைச் சற்றே தாண்டி நிற்கும்போது மிதித்தால், அடுத்த அழுத்தம் குறுக்கிடுவதற்கு முன் ஒன்றரைச் சுற்றுக்கு அவ்வளவாகத் தடை கிடையாது. அதற்குள் கிராங்கோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும். புதிய கலவையும் உள்ளே வந்துவிடும். அடுத்த உச்சியை ஃப்ளைவீலின் வேகமே தாண்டிக் கொடுக்கும். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பாராமல் மிதிப்பவருக்கு, பாதி மிதியிலேயே கிக்கர் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடுகிறது.

எனவே முதலில் வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பெட்ரோல் டேப்பைத் திறந்து, எஞ்சின் குளிர்ந்திருந்தால், கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கை இழுத்துவிட வேண்டும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் பழைய ஏமல் வகையாக இருந்தால் அதன் பக்கத்திலுள்ள சிறு பொத்தானைப் பெட்ரோல் கசிந்து விரல் நனையும்வரை அழுத்தினால் போதும். ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப் உள்ள கார்புரேட்டர் என்றால், குளிர்ந்த எஞ்சினுக்கு ஓரிரு திருகல்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது. பழகும்வரை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கிளப்புவதே நல்லது. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியின்மேல் முழு எடையையும் போட்டு மிதிப்பது ஸ்டாண்டுக்கும் நல்லதல்ல, மிதிப்பவருக்கும் நல்லதல்ல. கணுக்காலை மூடும் கெட்டியான பூட்ஸ் கட்டாயம் வேண்டும். செருப்புக் காலோடு இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இனி, இக்னிஷனை அணைத்த நிலையிலேயே கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் அது பாதத்தின் கீழ் கெட்டியாகி மேற்கொண்டு இறங்க மறுக்கும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அங்கே டீகம்ப்ரஸர் லீவரை இழுத்தால் வால்வு சற்றுத் திறந்து அழுத்தம் வெளியேறும். லீவரைப் பிடித்தபடியே கிக்கரை இன்னும் ஓர் அங்குலம்போல மட்டும் நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை அதன் மேல் நிலைக்கே திரும்ப விட வேண்டும். எஸ்.ஆர். 500 இல் இதற்கென்றே சிலிண்டர் ஹெட்டில் ஒரு சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டில் உள்ள குறி அதில் தெரிந்தால் பிஸ்டன் உரிய இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். மூடித் திறந்து பொறியை உண்டாக்கும் தொடுமுனையான பிளாட்டினம் பாயின்ட் உள்ள பழைய புல்லட் போன்ற வண்டிகளில் ஆம்பியர் மீட்டரே இந்த வேலையைச் செய்துவிடும்: இக்னிஷனைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் மூடியிருக்கும்வரை இடப்பக்கம் சாய்ந்திருக்கும் முள், பாயின்ட் திறக்கும் கணத்தில் நடுவுக்குத் திரும்பும். டீகம்ப்ரஸரே இல்லாத வண்டியிலும் வழியுண்டு. கெட்டியான இடத்தில் எடையை அப்படியே வைத்துப் பொறுத்திருந்தால், பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் காற்று கசிந்து, சில நொடிகளில் கிக்கர் தானே இளகி இறங்கும்.

இப்போது இக்னிஷனைப் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து கையின் பிடியைத் தளர்த்திவிட்டு, கிக்கரின்மேல் கால் விரல்கள் அல்லாமல் பாதத்தின் நடுப்பகுதி படும்படி எழுந்து நின்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நீண்ட வீச்சாக மிதிக்க வேண்டும். வெடுக்கென்று உதைப்பதை விட, கடைசிவரை காலைப் பின்தொடரவிடும் மிதிதான் ஃப்ளைவீலுக்கு வேகம் கொடுக்கிறது. மிதிக்கும்போது பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகும் பழக்கம் பலருக்கு உண்டு. கிளம்ப வேண்டிய எஞ்சினைக் கிளம்பவிடாமல் செய்வதில் இதற்கு ஈடான பழக்கத்தை நான் பார்த்ததில்லை.

கிக்கர் திருப்பி அடிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பாகவே பிளக்கில் பொறி வந்துவிடும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது அதனால் தீங்கில்லை. அரை மனதோடு மிதித்துக் கிராங்க் மெதுவாகச் சுழன்றால், எரியும் கலவை பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளும், கிக்கரும் அதே வேகத்தில் மேலே பாயும். அப்போது முழங்காலை விறைப்பாக நீட்டி வைத்திருப்பவருக்குத்தான் பெரும் அடி விழும். ஆதலால் முழங்கால் எப்போதும் இலேசாக மடங்கியே இருக்கட்டும்; மிதிப்பதென்று முடிவு செய்துவிட்டால் தயங்காமல் மிதிக்கவும். பொறியின் நேரத்தைக் கையால் மாற்றும் லீவர் உள்ள பழைய வண்டியில், கிளப்புவதற்கு முன் அதைத் தாமத நிலைக்குத் தள்ளிவிட மறக்கக் கூடாது.

சூடான எஞ்சினுக்குச் சோக் வேண்டாம். நான்கைந்து முறை சரியாக மிதித்தும் கிளம்பாத வண்டியை மேலும் மிதிப்பதில் பயனில்லை. எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சையும் பெட்ரோல் டேப்பையும் பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றுவதே மேல். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை; கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான பைலட் ஜெட் அடைத்திருக்கலாம். நனைந்திருந்தால் பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. பின்னதற்கு, பெட்ரோல் டேப்பையும் இக்னிஷனையும் அணைத்து, சோக்கை விடுவித்து, துடைத்த பிளக்கைப் பூட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி, டீகம்ப்ரஸரையும் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை மிதித்தால் உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். அதன் பிறகு பிஸ்டனின் இடம் தேடுவதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

வழக்கமான கெட்டித்தன்மையே காலுக்குத் தென்படாமல் கிக்கர் இலகுவாக இறங்கினால், டீகம்ப்ரஸர் கேபிளில் சிறிதளவு தளர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தால் வால்வு எப்போதும் சற்றுத் திறந்தே இருக்கும். அப்படியே ஓட்டினால் அந்த வால்வு கருகிப்போகும்.