கறுப்புச் சாவின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1347 அக்டோபரில் ஜெனோவா வணிகர்களின் கப்பல்கள் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்குப் பிளேக் நோயைக் கொண்டுவந்தன; அதன் இந்தப் பேரலையே பின்னாளில் கறுப்புச் சாவு என்று அழைக்கப்பட்டது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மடிந்ததாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். இந்தப் பேரழிவைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை, எலிகள் வந்தன, மக்கள் இறந்தனர், கூலி உயர்ந்தது, உழவர்களைப் பிரபுவின் நிலத்தோடு கட்டிவைத்த பண்ணையடிமை முறை ஒழிந்தது என்று நான்கே படிகளில் அதைச் சொல்லி முடித்துவிடுகின்றன. ஒவ்வொரு படியிலும் உண்மை கொஞ்சம் உண்டு என்பதால்தான் இந்தச் சுருக்கம் எளிதில் நம்பப்படுகிறது.

காரணத்திலிருந்தே தொடங்குவோம். அன்றைய நகரங்களின் அழுக்கே நோய்க்குக் காரணம் என்று எழுதுவது தவறு. அந்த நகரங்கள் பிளேக் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பும் அழுக்காகத்தான் இருந்தன. நகர நெரிசலே இல்லாத சிற்றூர்களும் பிளேக்கில் காலியாயின. நோயை உண்டாக்கியது எர்சினியா பெஸ்டிஸ் என்னும் பாக்டீரியா. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் இனங்கண்ட இந்தக் கிருமியின் மரபணுத் தடயங்கள், 1348–49இல் இறந்தவர்களைப் புதைத்த லண்டனின் கிழக்கு ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டு எலும்புகளிலும் கிடைத்துள்ளன. எலி கடித்து நோய் பரவியது என்பதும் சரியன்று. எலியின் இரத்தத்தைக் குடித்து வாழும் தெள்ளுப்பூச்சி, அந்த எலி நோயால் இறந்ததும் வேறு உடலைத் தேடி மனிதனைக் கடிக்கிறது. நோய் நுரையீரலைத் தாக்கிவிட்டால் தெள்ளுப்பூச்சியின் துணையே தேவையில்லை, இருமலே போதும். அன்று போப்பாண்டவர் தங்கியிருந்த, இன்றைய பிரான்சின் அவிஞோன் நகரில் அவருடைய மருத்துவராக இருந்த கி தெ ஷோலியாக், நெறிகட்டி வரும் நோயையும் இரத்தம் கக்கவைக்கும் நோயையும் அன்றே பிரித்து எழுதியிருக்கிறார். மனிதத் தெள்ளும் பேனும் பரவலில் எவ்வளவு பங்கு வகித்தன என்பது ஆய்வாளர்களிடையே இன்றும் தீராத விவாதம். எனவே கறுப்பு எலியை மட்டும் குற்றவாளியாக்கி முடித்துவிடக் கூடாது.

கிரிமியாவின் காஃபா கோட்டைக்குள் மங்கோலியப் படை பிளேக்கில் இறந்தவர்களின் பிணங்களை எறிந்ததால்தான் நோய் ஐரோப்பாவுக்கு வந்தது என்ற கதையையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். அதை எழுதிவைத்த கப்ரியேலே தெ முசி அந்த முற்றுகையை நேரில் பார்த்தவர் அல்லர். கதை உண்மையே என்றாலும், கருங்கடலுக்கும் இத்தாலிக்கும் இடையே ஓயாமல் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, நோய் கடல் கடப்பதற்குப் பிணங்கள் பறந்துவர வேண்டிய தேவை இருக்கவில்லை.

அக்கால மக்களை அறிவிலிகள் என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. 1345இல் சனி, வியாழன், செவ்வாய் மூன்றும் கும்ப ராசியில் கூடியதே காற்று கெட்டு நோய் வந்ததற்குக் காரணம் என்று பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் 1348இல் அறிக்கை அளித்தது உண்மைதான். ஆனால் அதே தலைமுறையில் ஸ்பெயினின் கிரானடாவைச் சேர்ந்த அறிஞர் இப்னு அல்கதீப், நோய் தொற்றிப் பரவுவதை அனுபவமும் கண்கூடும் நிறுவுகின்றன என்று துணிந்து எழுதினார். 1377இல் ரகூசா (இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக்) துறைமுக நகரம், நோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள்கள் ஒதுங்கியிருந்த பிறகே உள்ளே வரலாம் என்று சட்டம் இயற்றியது. கிருமியை அறியாமலேயே அவர்கள் செய்த இந்த ஏற்பாடு எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்குகிறது. பறவை அலகு போன்ற முகமூடி அணிந்த மருத்துவரின் படத்தை இக்கட்டுரைகளோடு சேர்ப்பதையும் நிறுத்த வேண்டும். அந்த உடை 17ஆம் நூற்றாண்டுக்கு உரியது.

மிகுந்த வருத்தம் தரும் தவறு யூதர் படுகொலைகளைப் பற்றியது. மரண பயத்தில் நிலைகுலைந்த மக்கள் யூதர்களைத் தாக்கினார்கள் என்ற ஒற்றை வாக்கியத்தோடு பலர் நகர்ந்துவிடுகிறார்கள். இன்றைய பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்கள் எரிக்கப்பட்டபோது பிளேக் அந்த நகரத்தை இன்னும் எட்டியிருக்கவே இல்லை. ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலுள்ள சவாயில் சித்திரவதை செய்து பெறப்பட்ட வாக்குமூலங்கள், யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்ற பொய்யை ஊர் ஊராகக் கொண்டுசென்றன. ஸ்ட்ராஸ்பூர்க்கில் யூதர்களைக் காக்க முயன்ற நகர மன்றத்தினர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார்கள். புதிய மன்றம் படுகொலைக்கு வழிவிட்டது. யூதர்களுக்குச் சேர வேண்டிய கடன்கள் இல்லாமல் போயின, அவர்களுடைய சொத்து பங்கிடப்பட்டது. யூதர்களும் அதே நோயில்தான் இறக்கிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் பரவியிருக்கிறது என்று போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட் 1348இலேயே ஆணைமடல் எழுதியிருந்தார். பொய் என்று தெரிந்துகொள்ள வழி இருந்தது. ஆகவே இதைப் பிளேக்கின் விளைவு என்று மட்டும் எழுதினால், கொன்றவர்களின் பொறுப்பு கிருமியின் மேல் ஏற்றப்பட்டுவிடுகிறது.

விளைவுகளைப் பற்றி எழுதும்போதும் மனிதர்கள் எடுத்த முடிவுகள் இப்படியே மறைந்துபோகின்றன. ஆள்கள் குறைந்ததால் உழைப்பாளர்களுக்குக் கூலி உயர்ந்தது, அதனால் விடுதலை வந்தது என்பது பாதிக் கதை. இங்கிலாந்தில் 1349இலும் 1351இலும் அரசு சட்டம் போட்டு, பிளேக்குக்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது, மீறியவர்களைத் தண்டித்தது. அந்த ஆத்திரமும் ஆளுக்கு இவ்வளவு என்று புதிதாக விதித்த தலைவரியும் சேர்ந்து 1381இல் உழவர் கிளர்ச்சியாக வெடித்தன. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. ஆனாலும் நிலத்துக்கு ஆள் கிடைக்காத நிலை நீடித்ததால், அடுத்த நூற்றாண்டில் அங்கே பண்ணையடிமை முறை மெல்ல மெல்லக் கரைந்தது. ஜெர்மனி வழியாக ஓடும் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே நடந்தது வேறு: அங்கே நகரங்கள் வலுவிழந்து நிலப்பிரபுக்களின் கை ஓங்கியதால், 15, 16ஆம் நூற்றாண்டுகளில் உழவர்கள் முன்பைவிட இறுக்கமாக நிலத்தோடு பிணைக்கப்பட்டார்கள். மக்கள்தொகை சரிவு எல்லோருக்கும் பொதுவாக இருக்க, முடிவு எதிரெதிராக அமைந்ததென்றால், அந்த வேறுபாட்டுக்கான விளக்கத்தை யாரிடம் அதிகாரம் இருந்தது என்பதில்தான் தேட வேண்டும்.

ஐரோப்பாவின் எல்லாத் தளர்ச்சியையும் பிளேக்கின் கணக்கில் எழுதவும் கூடாது. 1315 முதல் 1317 வரை வடக்கு ஐரோப்பாவைப் பெரும்பஞ்சம் வாட்டியிருந்தது. ஃபிளாரன்ஸின் பார்தி, பெருட்சி வங்கிகள் பிளேக்குக்கு முன்பே, 1340களில் திவாலாகிவிட்டன.

கடைசியாக, 1347–1353 என்று ஆண்டுகளைக் குறித்து நோயின் கதையை அங்கேயே மூடிவிடுவது. 1361இல் பிளேக் திரும்ப வந்தது. முதல் அலைக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் அதில் பெருமளவில் இறந்தார்கள். அதன் பின்னும் தலைமுறைக்கு ஒருமுறையேனும் ஏதோ ஒரு பகுதியை அது தாக்கிக்கொண்டே இருந்தது. 1720இல்கூட பிரான்சின் மார்செய் நகரத்தைச் சூறையாடியது. இங்கிலாந்தின் மக்கள்தொகை இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பழைய அளவை எட்டாததற்கு முதல் அலை மட்டும் காரணமன்று. பிறந்த குழந்தைகள் வளர்ந்து குடும்பம் ஆகும் முன்பே அடுத்தடுத்த அலைகள் அவர்களைக் கொண்டுபோயின.