வாய் திறக்கும் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய் வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்புவோரில் நெடுங்காலம் முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போட்டவர்கள் உண்டு. பாக்கினால் ஏற்கெனவே இறுகிய கன்னத்தின் மேல் அறுவையும் கதிர்வீச்சும் சேரும்போது வாய் மேலும் சுருங்குகிறது. இவர்களுக்குத் தாடைப் பயிற்சி சொல்லித்தர வரும் இளம் பிசியோதெரபிஸ்டுகள் எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே செய்வதால் இதை எழுதுகிறேன். பயிற்சியை மறப்பது, அவசரப்படுவது போன்றவற்றை எவரும் அறிவர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

“புண் ஆறட்டும்” என்று காத்திருப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் கதிர்வீச்சு முடிந்து பல மாதங்கள் கழித்து வந்தார். மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே 18 மி.மீ. மட்டுமே இருந்தது. வாய்ப்புண் ஆறிய பின் வருமாறு முதலில் பார்த்தவர் சீட்டில் எழுதியிருந்தார். “வாய்க்கு ஓய்வு கொடுங்க அண்ணாச்சி” என்று வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். கதிர்வீச்சுப் பட்ட மெல்லும் தசைகளில் நார்த்திசு படிவது சிகிச்சை முடிந்த பின்னும் மாதக்கணக்கில் தொடரும் என்பதால், புண் ஆறுகிற அதே காலத்தில்தான் தாடை இறுகிக்கொண்டு வருகிறது. தட்டில் உறைந்த ரப்பர் பால் மறுபடி பாலாவதில்லை என்று அவரிடம் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார். ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் மீட்க வாரக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது. வாய் சுருங்கினால் உணவு மட்டுமன்றி பல்துலக்கியும் நுழையாது, மயக்க மருந்து கொடுப்பவர் குழாய் செலுத்தத் திணறுவார், நோய் திரும்பியதா என்று உள்ளே பார்ப்பதும் கடினமாகும்.

ஆகவே கதிர்வீச்சுத் தொடங்கும் முன்பே அளவெடுத்துப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். வலி மிகுந்த நாட்களில் வலிமாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பின் மென்மையாகச் செய்யலாம். தசை ஒட்டுப் போட்டவர்கள் மட்டும் அறுவை மருத்துவர் அனுமதிக்கும் வரை பொறுக்க வேண்டும். நாளுக்கு 5 வேளை, வேளைக்கு 5 முறை, முறைக்கு 30 விநாடி வாயை விரித்துப் பிடிப்பது என்பது வழக்கிலுள்ள ஒரு முறை. சிகிச்சை முடிந்த பின்னும் இதை நிறுத்தலாகாது.

விரலால் அளப்பது

மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பார்க்கும் மூன்று விரல் சோதனையில் நுழைய வேண்டியவை நோயாளியின் விரல்களே, சோதிப்பவருடையவை அல்ல. இருந்தாலும் அளவுகோலை வைத்து மில்லிமீட்டரில் குறிப்பதே முறை, 35 மி.மீ. அல்லது அதற்குக் குறைவானால் அது வாய்த்திறப்புக் குறைபாடு.

ஆடும் பல்லின் மேல் குச்சியை அடுக்குவது

வாயை விரிக்க மேல், கீழ்ப் பற்களுக்கு இடையே தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது வழக்கம். அந்த அழுத்தத்தால் ஆடும் பல் கெட்டு, கதிர்வீச்சுப் பட்ட தாடையில் அதைப் பிடுங்க நேர்ந்தால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். குச்சி அடுக்குமுன் பல் மருத்துவரிடம் காட்டவும்.

சூடு ஒத்தடம்

உணர்வு மங்கிய தோல் வெந்துபோகும்.

சூயிங்கம்

மெல்வது விரிப்பதாகாது.

அளவு திடீரென்று குறையும்போது குச்சியைக் கூட்டுவது

ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வாய் சட்டென்று சுருங்கினால், தொற்றோ நோய் திரும்பியதோ காரணமாக இருக்கலாம். அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.