ஏரிக்கும் வாய்க்காலுக்கும் அருகிலுள்ள நிலத்தில் வீடு கட்டுவதற்கு முன் அதை ஆராய்வது எப்படி?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் விற்பனைக்கு வரும் மனைகள் பல, முன்பு ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சைகளாகவோ மழைக்காலத்தில் நீர் நிற்கும் தாழ்வான பகுதிகளாகவோ இருந்தவை. கோடையில் பார்வையிடப் போகிறவரின் கண்ணுக்குக் காய்ந்த, சமமான நிலமும் புதிதாகப் போட்ட சாலையும் மட்டுமே தெரியும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்தபோது, நீர் தன் பழைய வழிகளையெல்லாம் தேடிச் சென்றது. ஒரு மனையின் தரத்தை அதன் எல்லைக் கற்களுக்கு வெளியே உள்ள நீர்வழியே தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதன்முறையாக நிலம் வாங்குவோர் அந்த வழியைப் படித்தறிவதற்கான முறையைக் கீழே படிப்படியாக விளக்கியிருக்கிறேன்.

முதல் படி: ஏரியின் எந்தப் பக்கம்?

வரத்துக்கால் வழியாக வரும் நீர் ஏரியில் தேங்குகிறது. மதகு வழியாக ஆயக்கட்டுக்கு, அதாவது அந்த ஏரியால் பாசனம் பெறும் வயல்களுக்குப் பாய்கிறது. மிகும்போது கலிங்கு வழியாக, அதாவது உபரிநீர் வெளியேறக் கரையில் கட்டிய தாழ்வான சுவரின் மேலாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகிறது. உங்கள் மனை இந்த அமைப்பில் எங்கே இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கரைக்குக் கீழே இருந்தால் அது ஆயக்கட்டு. அங்கே நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும், கரை உடைந்தால் முதலில் அடிபடுவதும் அந்த இடமே. கரைக்கு எதிர்ப்புறம் இருந்தால் அது நீர்ப்பிடிப்பு. அங்கே சரிவு மிகக் குறைவு என்பதால் ஏரியின் மட்டம் ஓர் அடி உயர்ந்தாலும் நீர் வெகுதூரம் பரவும். நீர்ப்பிடிப்புக்குள் பட்டா நிலங்களும் உண்டு. ஏரி நிரம்பும்போது அவை மூழ்கும், வற்றிய பிறகு அவற்றில் பயிர் செய்வார்கள். இவற்றைவிட ஏமாற்றக்கூடியது கலிங்கில் வழியும் நீர் ஓடும் போக்குக்கால். ஏரி நிரம்பாத ஆண்டுகளில் அதில் ஒரு சொட்டு நீரும் ஓடாது என்பதால் அதை நீர்வழி என்றே பலர் எண்ணுவதில்லை.

இரண்டாம் படி: பதிவேடுகள்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (புல எண்ணின் எல்லை வரைபடம்) ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்திலேயே பார்க்கலாம். அ-பதிவேட்டில் அந்தப் புல எண் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்று இருக்கும். புறம்போக்கு என்றிருந்தால் குறிப்புப் பகுதியில் ஏரி, ஓடை, வாய்க்கால், ஊருணி போன்ற சொற்களைத் தேடுங்கள். உங்கள் புல எண்ணோடு நிறுத்திவிடாமல், சுற்றியுள்ள எல்லாப் புல எண்களுக்கும் இதைப் பார்க்க வேண்டும். பக்கத்துப் புலம் வாய்க்கால் புறம்போக்காக இருந்து, நேரில் அது சாலையாகத் தெரிந்தால், அந்த வாய்க்காலின் நீர் இனி எங்கே போகும் என்று கேட்டே ஆக வேண்டும்.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது, அதாவது மக்கள் யு.டி.ஆர். என்று சொல்லும் அந்தப் பணியின்போது, பட்டாக்களும் உட்பிரிவுகளும் திருத்தி எழுதப்பட்டன. அதில் நேர்ந்த பிழைகளால் வந்த வழக்குகள் இன்றும் நடக்கின்றன. ஆகவே அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலையும் கேட்டுப் பெறுங்கள். பழைய பதிவேட்டில் நீர்நிலையாக இருந்து புதியதில் பட்டாவாக மாறியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த நிலத்தை விட்டுவிடுவதே நல்லது. ஊர்ப் பொதுவான நீர்நிலைகளை ஆக்கிரமித்தோர் நெடுங்காலம் குடியிருந்தார்கள் என்பதோ பெருந்தொகை செலவிட்டு வீடு கட்டினார்கள் என்பதோ முறைப்படுத்துவதற்குக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கூறியிருக்கிறது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளில் நம் ஊர் ஏரி வருமா என்று சிலர் கேட்பதுண்டு. நெல் வயல்களையும், பாசனத்துக்கோ குடிநீருக்கோ மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் அந்த விதிகள் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்குகின்றன. அதனால் பாசன ஏரிக்கு அருகில் வாங்குவோர் பெரும்பாலும் வருவாய்த் துறை, நீர்வளத் துறை ஆகியவற்றின் சட்டதிட்டங்களையே பார்க்க வேண்டியிருக்கும். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சென்னைப் பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தின் அருகில் வாங்குவோர் அந்தச் சட்டதிட்டங்களையும் ஈரநில விதிகளையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: பழைய வரைபடமும் படங்களும்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் ஏரிகளும் ஓடைகளும் நீல நிறத்தில் இருக்கும். கணினியில் கூகுள் எர்த் செயலியைத் திறந்து, பழைய படங்களைக் காட்டும் வசதியில் நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதப் படங்களை மட்டும் தேர்ந்து பாருங்கள். கோடைப் படங்களால் பயனில்லை. அந்தச் செயலி காட்டும் உயர அளவை நம்பி முடிவெடுக்கக் கூடாது. சமவெளியில் ஓர் அடி, இரண்டு அடி வேறுபாடுதான் முக்கியம், அந்த அளவு துல்லியம் அதில் கிடையாது.

நான்காம் படி: கலிங்கின் மட்டம்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஏரி எந்த மட்டம் வரை நிரம்பும் என்பதைத் தீர்மானிப்பது கலிங்கின் மேல்தளம். பழைய கலிங்குகள் பலவற்றில் மேல்தளத்தின்மீது வரிசையாகக் கருங்கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் கூடுதலாக நீரைத் தேக்க விரும்பினால் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்கரணையும் (புல்லோடு வெட்டிய மண்கட்டி) வைத்து அடைப்பார்கள். அப்போது நீர், தளத்தையும் தாண்டிக் கற்களின் உச்சி வரை நிற்கும். ஆகவே கலிங்குத் தளத்தின் மட்டம், கற்களின் உச்சி மட்டம் ஆகிய இரண்டையும், உயர வேறுபாட்டை அளக்கும் ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் ஒரு சர்வேயரைக் கொண்டு உங்கள் மனையின் மட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீர்ப்பிடிப்புப் பக்கம் உள்ள மனை கற்களின் உச்சியைவிடத் தாழ்ந்திருந்தால், ஏரி நிரம்பும் ஆண்டில் நீர் உங்கள் வாசலுக்கு வரும். வெள்ளத்தின்போது கலிங்கின்மேல் நீர் வழிந்தோடும் உயரத்தையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவீட்டுக்கு ஆகும் செலவு, பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பிறகு நிலத்தில் நடந்து பாருங்கள். கோரையும் சம்பும் நீர்முள்ளியும் முளைத்திருந்தால் அங்கே ஆண்டின் பெரும்பகுதி ஈரம் இருக்கிறது என்று பொருள். சீமைக்கருவேலம் எங்கும் வளரும் என்பதால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மண்ணைக் கிளறினால் நத்தை ஓடுகள் கிடைக்கின்றனவா, நண்டு வளைகள் இருக்கின்றனவா, பக்கத்துச் சுவர்களில் பழைய வெள்ளத்தின் கறை இருக்கிறதா என்று கவனியுங்கள். ஏரியில் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி அல்லது மடையர் இன்னும் இருக்கும் ஊர்களில் அவரிடம் கேட்டால், எந்த மழைக்கு எந்தப் பக்கம் முதலில் நீர் ஏறும் என்பதை விரிவாகச் சொல்வார். தரகர் சொல்வதைவிட அவர் சொல்வதற்கே நான் மதிப்புக் கொடுப்பேன்.

ஐந்தாம் படி: குழி தோண்டிப் பார்த்தல்

உரிமையாளரின் ஒப்புதலோடு ஆறடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். மண் சாம்பல் அல்லது நீலங்கலந்த நிறத்தில், இடையிடையே துருநிறப் புள்ளிகளோடு இருந்தால், அந்த ஆழம் வரை நீர் நெடுநாள் நின்று வடிகிறது. குழியில் ஊறும் நீரின் மட்டத்தை மறுநாள் அளந்து கொள்ளுங்கள். பக்கத்துக் கிணறுகளில் மார்கழியில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதையும் விசாரியுங்கள். மேலே செம்மண்ணும் கீழே களிமண்ணுமாக இருந்தால் அது கொட்டி நிரப்பிய மண்ணாக இருக்கலாம், அப்படியானால் அதன்மேல் நேராக அஸ்திவாரம் போடக் கூடாது. கரிசலாக இருந்தால் அது நனைந்து வீங்கிக் காய்ந்து வெடிக்கும் என்பதால், மண் பரிசோதனைக் கூடத்தில் வீக்கச் சோதனை செய்து, தேவைப்பட்டால் அண்டர் ரீம் பைல் (அடிப்பகுதி அகன்ற கான்கிரீட் தூண் அஸ்திவாரம்) போடுவதற்கான செலவையும் நிலத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆறாம் படி: கழிவுநீர்

வீட்டுத் திட்டத்தில் இதைக் கடைசியில் யோசிப்பது வழக்கம்; ஈரமான நிலத்தில் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்ச வேண்டும். ஒரு சிறு குழியை இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, மறுநாள் நீர்மட்டம் 25 மி.மீ. குறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 60 நிமிடங்களுக்கு மேலானால் உறிஞ்சுகுழி அங்கே வேலை செய்யாது. இந்தியத் தர நெறியின்படி உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும். சிறிய மனையில் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் கொண்டால் இந்த இடைவெளி கிடைப்பது அரிது.

ஏழாம் படி: அனுமதியும் ஒப்பந்தமும்

விவசாய நிலத்தை மனையாக மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். நஞ்சையானால் வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்கப்படும். நீர்நிலைக்கு அருகிலுள்ள மனைப்பிரிவுகளுக்கு வெள்ளநீர் சூழும் நிலை பற்றி நீர்வளத் துறை தரும் தடையின்மைச் சான்று இருக்கிறதா, அதில் மனையின் மட்டத்தை எவ்வளவு உயர்த்தச் சொல்லியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். விற்பனை ஒப்பந்தம் போடும்போது, அளவீடும் மண் சோதனையும் சாதகமாக வராவிட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும் என்ற வாசகத்தை எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்தாதீர்கள். நீங்கள் தடுத்த நீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். வீடு நிற்கும் இடத்தில் மட்டும் பீடத்தை உயர்த்தி, மனையின் மிகத் தாழ்ந்த மூலையை அப்படியே விட்டு, வாய்க்கால் இருக்கும் பக்கம் சுற்றுச்சுவருக்குப் பதிலாகக் கம்பி வேலி போடுங்கள்.